விற்ற காருக்கு யார் பொறுப்பு?

பழைய கார் ஒன்று தனியாரிடமிருந்து தனியாருக்குக் கைமாறும்போது நடப்பவை ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. விலை படிந்ததும் பணம் கணக்கில் ஏறுகிறது. சாவி, ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் தாள், புகைச் சான்றிதழ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போய்ச் சேர்கின்றன. கூடவே ஃபார்ம் 29, ஃபார்ம் 30 என்ற இரண்டு படிவங்கள். அவற்றில் விற்றவரின் கையெழுத்து மட்டும் இருக்கும். வாங்குபவரின் பெயருக்கான கோடும், விற்ற தேதிக்கான கோடும் காலியாக இருக்கும். “பேரை நாங்க மாத்திக்கிறோம் சார், நீங்க அலைய வேணாம்” என்பார் புரோக்கர். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை மிச்சம் என்று விற்றவரும் நிம்மதியாகிவிடுவார். சில மாதம் கழித்து, தான் போயே இராத ஊரில் சிக்னலைத் தாண்டியதற்கான அபராதம் அவரது செல்பேசிக்கு வரும். சுங்கச்சாவடியில் அவரது ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பணம் கழியும். நிலைமை மோசமானால், விபத்து இழப்பீட்டு வழக்கில் முதல் எதிர்மனுதாரராக அவர் பெயர் போட்ட நோட்டீஸ் வீட்டுக்கு வரும். இப்படிச் சிக்கியவரைப் பார்த்து “விவரம் தெரியாம வித்துட்டார்” என்று சொல்லிவிடுவது சுலபம். அவரிடம் அசட்டை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அசட்டையாக இல்லாதவரையும் சிக்கவைக்கும் ஓட்டை ஒன்று நம் பதிவு முறையிலேயே இருக்கிறது. விற்றவர் “நான் விற்றுவிட்டேன்” என்று தானாகச் சொல்லித் தன் பெயரை விடுவித்துக்கொள்ள அதில் வழியில்லை. அந்த வழியைத் திறக்க வேண்டியது அரசின் வேலை.

சிக்கலின் வேர், ஒரே காருக்கு இரண்டு சட்டங்கள் இரண்டு பேரைச் சொந்தக்காரர் என்று காட்டுவதில் இருக்கிறது. கார் ஓர் அசையும் பொருள். அதன் விற்பனைக்கு 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டத்தின் கண்ணில், விற்பவரும் வாங்குபவரும் எப்போது உரிமை மாற வேண்டும் என்று நினைத்தார்களோ அப்போது மாறிவிடுகிறது. பணம் கொடுத்துச் சாவி வாங்கியவர் அன்றைக்கே சொந்தக்காரர். நிலத்தைப் போலப் பத்திரப்பதிவு செய்தால்தான் விற்பனை செல்லும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வேறொன்றைச் சொல்கிறது. அதன் 2(30) பிரிவு, வாகனம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது. கடனிலோ குத்தகையிலோ எடுத்த வண்டியென்றால், ஒப்பந்தப்படி அதைத் தன் வசம் வைத்திருப்பவர் உரிமையாளர். சரியாகக் கவனித்தால் இந்த விதிவிலக்கில் “விலை கொடுத்து வாங்கிவிட்டு இன்னும் பெயர் மாற்றாதவர்” என்று ஒருவர் இல்லவே இல்லை. எனவே சாவி கைமாறிய நாளுக்கும் ஆர்.சி.யில் பெயர் மாறிய நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம் ஓடினாலும், அனுபவிப்பவர் ஒருவர், பொறுப்பேற்பவர் இன்னொருவர்.

இந்த இடைவெளி எவ்வளவு ஆழமானது என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்ன தீர்ப்பு காட்டுகிறது. 2007-இல் விற்கப்பட்ட ஒரு வாகனம், பெயர் மாறாமலேயே அடுத்தடுத்துக் கைமாறிச் சென்றது. 2009 மே மாதம் அதைப் பின்பக்கமாக எடுக்கும்போது ஒரு பெண்மணியும் அவருடன் நடந்துவந்த சிறுவனும் அடிபட்டார்கள்; சிறுவன் இறந்துபோனான். வாகனத்துக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. ஆளாளுக்கு “நான் அப்போதே விற்றுவிட்டேன்” என்று அடுத்தவரைக் கைகாட்டினார்கள். பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம், கடைசியாக வண்டியை வாங்கியவர் என்று தெரியவந்தவர் மேல் பொறுப்பைச் சுமத்தியது. மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதை மாற்றிவிட்டது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது. அடிபட்டவரோ இறந்தவரின் குடும்பமோ, பதிவுக்கு வராத விற்பனைகளின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆள் தேடி அலையக் கூடாது என்பதுதான் நீதிமன்றம் சொன்ன காரணம்.

அந்தக் காரணம் நியாயமானது. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்திடம் “உண்மையான ஓனரை நீங்களே கண்டுபிடித்து வாருங்கள்” என்று சட்டம் சொல்ல முடியாது. ஆனால் மறுபக்கம் நிற்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். காரை விற்று இரண்டு ஆண்டு ஆன ஒருவர், தான் பார்த்திராத ஓட்டுநர் செய்த விபத்துக்கு லட்சக்கணக்கில் கட்டும் நிலைக்கு வருகிறார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதித்த தொகையைக் கட்டாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் அதை நிலவரி பாக்கி வசூலிப்பதைப் போல வசூலிக்கலாம். காரை விற்ற பணத்தைவிடப் பல மடங்கு அந்தத் தொகை இருக்கக்கூடும். இங்கே இன்ஷூரன்ஸ் வந்து காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். பாலிசி உயிரோடு இருந்தால் ஓரளவுக்குக் காப்பாற்றும்தான். வாகனம் கைமாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடும் கூடவே மாறியதாகக் கருத வேண்டும் என்று 157-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பதிவுப் பெயர் மாறாத வண்டிகளில்தான் பாலிசி காலாவதியாகும் வாய்ப்பு அதிகம். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று ஆண்டு, புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் பாலிசியைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதால் முதல் சில ஆண்டுகள் கவலையில்லை. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கச் சொல்லி வரும் குறுஞ்செய்தி பழைய ஓனரின் எண்ணுக்கு வரும், வண்டி ஓடுவதோ வேறொருவர் கையில்.

விபத்து மட்டுமல்ல. 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவு, சிறுவர்கள் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது காப்பாளருடன் வாகன உரிமையாளரையும் குற்றவாளியாக்குகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம். ஆனால் நிரூபிக்கும் சுமை அவருடையது. யார் ஓட்டினார்கள் என்று காவல்துறை கேட்டால் பதில் சொல்லும் கடமையையும் 133-ஆம் பிரிவு உரிமையாளர் மேல்தான் வைக்கிறது. தன் காரை வாங்கியவரின் பெயரைக்கூடச் சரியாகத் தெரியாமல், புரோக்கரின் செல்பேசி எண்ணை மட்டும் வைத்திருப்பவர் என்ன பதில் சொல்வார்?

சரி, சட்டம் விற்பவருக்கு என்ன வழி வைத்திருக்கிறது? 50-ஆம் பிரிவுதான் வழி. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள், வெளி மாநிலத்துக்கு விற்றால் 45 நாளுக்குள், விற்ற செய்தியை விற்றவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்காகவே 55-ஆம் விதியும் அந்த இரண்டு படிவங்களும் வந்தன. படிவங்களைக் கையில் எடுத்துப் படித்தால் சட்டம் இயற்றியவர்கள் நினைத்தது தெளிவாகத் தெரிகிறது. ஃபார்ம் 29 ஒரு அறிவிப்பு. இன்ன தேதியில், இன்னாருக்கு, இந்த எண்ணுள்ள வண்டியை விற்றுவிட்டேன் என்று விற்றவர் தன் வாயால் அலுவலகத்துக்குச் சொல்வது. அதன் நகல் வாங்கியவருக்கும் போக வேண்டும். ஃபார்ம் 30 ஒரு விண்ணப்பம். அதன் முதல் பகுதி விற்றவருக்கு, இரண்டாம் பகுதி வாங்கியவருக்கு, கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் சம்மதத்துக்கும் இடம் உண்டு. ஆக, விற்றவர் சொல்வது ஒன்று, வாங்கியவர் கேட்பது ஒன்று என்று இரண்டும் தனித்தனிச் செயல்களாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

நடைமுறையில் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. வெற்றுக் கையெழுத்துடன் ஃபார்ம் 29 வாங்கியவர் கைக்கே போய்விடுகிறது. அவர் எப்போது விண்ணப்பிக்கிறாரோ அப்போது தேதி நிரப்பப்பட்டு, ஃபார்ம் 30-உடன் சேர்ந்து அலுவலகத்துக்கு வருகிறது. விற்றவர் சொல்ல வேண்டிய அறிவிப்பு, வாங்கியவரின் விண்ணப்பத்துக்கு ஓர் இணைப்புத் தாளாகச் சுருங்கிவிட்டது. பொறுப்புள்ள ஒருவர் தனியாகவே ஃபார்ம் 29-ஐப் பூர்த்தி செய்து பதிவுத் தபாலில் அனுப்பினாலும் ஆர்.சி.யில் உள்ள பெயர் அசையாது. அது கோப்பில் சேரும், பிற்பாடு சாட்சியமாக உதவும், அவ்வளவே. அபராத ரசீது அடிக்கும் கேமராவுக்கும், எண்ணைத் தட்டிப் பார்க்கும் காவலருக்கும், தீர்ப்பாயத்துக்கும் அந்தத் தாள் கண்ணில் படாது. தன் கடமையை முழுதாகச் செய்தவருக்குச் சட்டம் தரும் பலன் ஒன்றுமில்லை. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை இதுதான்.

வாங்கியவர் ஏன் பெயர் மாற்றுவதில்லை என்ற கேள்விக்குச் சோம்பல் என்று பதில் சொன்னால் பாதி உண்மையைத் தவறவிடுவோம். பெயர் மாற்றாமல் இருப்பதில் லாபம் இருக்கிறது. பழைய கார் சந்தையில் “ஃபர்ஸ்ட் ஓனர் வண்டி”க்கு ஒரு விலை, “தேர்ட் ஓனர் வண்டி”க்கு ஒரு விலை. இடையில் வாங்கி விற்கும் புரோக்கர் தன் பெயரை ஒருமுறை ஏற்றினால் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடி விலை இறங்கும். அதனால் அவர் வெற்றுப் படிவத்தையே பத்திரமாக வைத்திருந்து, கடைசி ஆள் கிடைத்ததும் நேராக அவர் பெயருக்கு மாற்றவே விரும்புவார். அந்தக் கடைசி ஆள் கிடைக்கும்வரை கார் யார் யார் கையில் ஓடுகிறது என்பது விற்றவருக்குத் தெரியாது. அதே நேரம், உண்மையிலேயே பெயர் மாற்ற விரும்பி வாங்கியவருக்கும் தடைகள் உண்டு. வங்கிக் கடன் தீர்ந்தும் ஆர்.சி.யில் எச்.பி. எனப்படும் கடன் பதிவு நீக்கப்படாமல் இருக்கும். அதற்கு வங்கியின் தடையில்லாச் சான்றும் ஃபார்ம் 35-ம் வேண்டும். பழைய அபராதங்கள் நிலுவையில் நிற்கும். அரசின் பரிவாஹன் தளத்தில் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. விற்றவரின் பழைய எண்ணுக்குப் போகும், அந்த எண் இப்போது இருக்காது. வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று, மறுபதிவு, புதிதாகச் சாலை வரி, பழைய மாநிலத்தில் கட்டிய வரியைத் திரும்பப் பெறும் அலைச்சல் என்று வரிசையாக வரும். இந்தச் செலவோடு ஒப்பிட்டால் தாமதத்துக்குச் சட்டம் கேட்கும் சில நூறு ரூபாய் யாரையும் அசைக்காது.

பெயர் மாறாத வண்டியின் பாதிப்பு, தனிமனிதர்களின் பணத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே மாருதி 800 கார் ஒன்று வெடித்துச் சிதறியபோது, அது பல கை மாறிய வண்டி என்று தெரியவந்தது. யார் யாருக்கு விற்றார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து விசாரித்துத்தான் காவல்துறை முன்னேற வேண்டியிருந்தது. ஒரு பெரிய குற்றத்தில் பதிவேடு முதல் நிமிடத்திலேயே சரியான ஆளைக் காட்ட வேண்டும். அது பழைய ஆளைக் காட்டினால், விசாரணையின் முக்கியமான முதல் மணிநேரங்கள் எப்போதோ காரை விற்றுவிட்ட ஒருவரின் வீட்டு வாசலில் செலவாகும். பதிவேடு சரியாக இருப்பது விற்றவரின் நலன் மட்டுமல்ல, அரசின் நலனும்தான்.

இதை மத்திய அரசும் ஒரு பாதி உணர்ந்திருக்கிறது. 2022 டிசம்பரில் வெளியாகி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 55ஏ முதலான புதிய விதிகள், பழைய வாகன விற்பனையாளர்களுக்கு அங்கீகாரச் சான்றிதழ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தன. அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, ஃபார்ம் 29சி மூலம் அந்தச் செய்தி பதிவு அதிகாரிக்குப் போகிறது. அதன்பின் டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியை எதற்கு, எவ்வளவு தூரம் எடுத்தார் என்று மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டியதும் அவர் கடமை. இந்த விதிகளின் உள்ளே இருக்கும் கருத்தைக் கவனிக்க வேண்டும். ஆர்.சி.யில் கடைசிப் பெயர் மாறுவதற்கு முன்பே, ஒப்படைத்த செய்தி பதிவான கணத்திலிருந்து பொறுப்பு கைமாறலாம் என்பதை அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த வாசல் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் விற்பவருக்கு மட்டும் திறந்திருக்கிறது. பக்கத்துத் தெருக்காரருக்கோ, அலுவலக நண்பருக்கோ, விளம்பரம் பார்த்து வந்தவருக்கோ விற்பவர் பழைய நிலையிலேயே நிற்கிறார். டீலருக்குப் பொருந்தும் நியாயம் தனிமனிதருக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு விதிகளில் விளக்கம் கிடையாது.

வேறு நாடுகள் இதை எப்போதோ தீர்த்துவிட்டன. பிரிட்டனில் காரை விற்றவர், வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் ஓட்டுநர் மற்றும் வாகன உரிம முகமையான டி.வி.எல்.ஏ.வின் இணையதளத்தில் ஏற்றினால் போதும். அவர் இனி அந்தக் காருக்குப் பொறுப்பல்ல என்ற உறுதிக் கடிதம் வந்துவிடும். சொல்லாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் விற்றவர் ஐந்து நாளுக்குள் “பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பு” கொடுக்க வேண்டும், வாங்கியவர் பத்து நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். வாங்கியவர் மாற்றாமல் இழுத்தடித்தாலும், அதற்குப் பின் வரும் நிறுத்துமிட அபராதம் முதலானவை விற்றவரைத் தொடரா. சிங்கப்பூர் இன்னொரு கோணத்தில் போகிறது. அங்கே விற்பவர் தன் சிங்பாஸ் அடையாளத்தில் நுழைந்து மாற்றத்தைத் தொடங்க வேண்டும், வாங்குபவர் தன் அடையாளத்தில் நுழைந்து ஏற்க வேண்டும், அவர் பெயரில் காப்பீடு இருந்தாக வேண்டும். இருவரும் உறுதிசெய்ததும் பெயர் மாறிவிடுகிறது. சாவி கைமாறுவதும் பெயர் மாறுவதும் ஒரே அமர்வில் முடிகின்றன. ஆதார், ஓ.டி.பி., நாடு முழுவதுக்குமான வாஹன் தரவுத்தளம் மூன்றும் கையில் இருக்கும் நம் நாட்டுக்கு இவற்றில் எதுவும் எட்டாத உயரம் இல்லை.

இதற்கு எழக்கூடிய எதிர்வாதங்களில் கனமானது, பாதிக்கப்பட்டவரைப் பற்றியது. விற்றவரை விடுவித்துவிட்டால், விபத்தில் அடிபட்டவர் யாரிடம் போவார்? உச்ச நீதிமன்றம் எந்த அலைச்சலைத் தவிர்க்க நினைத்ததோ அதே அலைச்சலை அவர் மேல் மறுபடி சுமத்துவதாகிவிடாதா? விற்றவர் வெறுமனே “என்னிடம் இல்லை” என்று கைகழுவ அனுமதித்தால் ஆமாம், ஆகிவிடும். ஆனால் இங்கே கேட்பது வேறு. விற்றவர் கொடுக்கும் அறிவிப்பில் வாங்கியவரின் அடையாளம் சரிபார்க்கப்பட்டு, அவரது ஓ.டி.பி.யுடன் பதிவாக வேண்டும். ஒரு பெயர் பதிவேட்டிலிருந்து விலகும் அதே கணத்தில் இன்னொரு பெயர் அந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும். அப்போது பாதிக்கப்பட்டவருக்குக் கிடைப்பது வண்டியை உண்மையில் வைத்திருப்பவரின் பெயரும் முகவரியும். தீர்ப்பாயம் விரும்புவதும் அதைத்தான். பதிவுக்கு வராத சங்கிலி பதிவுக்கு வந்துவிட்டால், அந்தத் தீர்ப்பின் நோக்கம் இன்னும் நன்றாகவே நிறைவேறும்.

அடுத்தது மோசடி பற்றிய அச்சம். விபத்தோ குற்றமோ செய்துவிட்டு, அதற்கு முன்பே விற்றதாக ஒருவர் பொய் அறிவிப்புக் கொடுத்தால்? இந்த அச்சத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அதற்கு இன்றைய முறைதான் அதிகம் இடம் கொடுக்கிறது. வெற்றுக் கையெழுத்துள்ள ஃபார்ம் 29-இல் எந்தத் தேதியையும் எழுதலாம், எந்தப் பெயரையும் எழுதலாம். மின்னணு அறிவிப்பிலோ தேதியும் நேரமும் தானாகப் பதியும், முன்தேதியிட முடியாது. வாங்கியதாகச் சொல்லப்படுபவர் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். ஏற்க மறுப்பவருக்கு மறுக்க வாய்ப்புக் கிடைக்கும். வாங்கியவர் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்தால், பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே “விற்பனை அறிவிக்கப்பட்டது, மாற்றம் நிலுவையில்” என்ற குறிப்பு நிற்கலாம். குறித்த நாளுக்குள் அவர் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால் மாற்றம் நடந்ததாகவே கருதலாம். இப்படிக் “கருதிக்கொள்வது” நம் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. தடையில்லாச் சான்று கேட்டு 30 நாளுக்குள் அதிகாரி பதில் சொல்லாவிட்டால், சான்று கொடுத்ததாகவே கருத வேண்டும் என்று 48-ஆம் பிரிவு சொல்கிறது. அரசு அலுவலகத்தின் மௌனத்துக்கு ஒரு கெடு வைத்த சட்டம், வாங்கியவரின் மௌனத்துக்கும் ஒன்று வைக்கலாம்.

முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிவிட்டோமே, அது போதாதா என்று கேட்பவர்கள் இன்னும் அதிகம். அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அவர்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. காவல் விசாரணையில் வண்டி இன்ன நாளில் இன்ன நேரத்துக்குக் கைமாறியது என்று காட்ட உதவும். இழப்பீடு கட்ட நேர்ந்தால், வாங்கியவர் மேல் வழக்குப் போட்டு அதைத் திரும்பப் பெற உதவும். ஆனால் அது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான பேச்சு. தெருவில் அடிபட்ட மூன்றாமவரை அது கட்டுப்படுத்தாது. பதிவேட்டின் பிடி அவ்வளவு இறுக்கமானது என்பதற்கு எதிர்த்திசையிலிருந்தும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவர் தன் லாரியை விற்றுவிட்டார், ஆகவே இன்ஷூரன்ஸ் தொகை கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்று ஒரு காப்பீட்டு நிறுவனம் வாதிட்ட வழக்கில், பதிவில் பெயர் மாறாதவரை அவர்தான் உரிமையாளர் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2020-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பெயர் இருப்பவருக்குச் சுமையும் உண்டு, சில நேரம் பலனும் உண்டு. இரண்டையும் தீர்மானிப்பது பதிவேடுதான், முத்திரைத்தாள் இல்லை.

சட்டம் மாறும்வரை விற்பவர் தன்னைக் காத்துக்கொள்ள ஒரே உறுதியான வழி, பெயர் மாற்றத்தை விற்பனைக்குப் பின் நடக்கும் வேலையாக நினைக்காமல் விற்பனையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்வது. விலை பேசும்போதே அதைப் பேசிவிட வேண்டும். பெயர் மாறிய ஆர்.சி. பரிவாஹன் தளத்தில் தெரியும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் வழக்கம் வாங்குபவர்களிடம் இருக்கிறது. அதையே விற்பவரும் திருப்பிக் கேட்கலாம்: பெயர் மாறியதும் திருப்பித் தரும் டெபாசிட்டாக ஒரு தொகை. மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்பதும் அப்போதே புரிந்துவிடும். வங்கிக் கடன் இருந்தால் எச்.பி. பதிவை நீக்கிவிட்டு, நிலுவை அபராதங்களைக் கட்டிவிட்டு, அதன்பின் விற்பனைக்கு விடுவது நல்லது. இல்லாவிட்டால் பெயர் மாறாமல் போனதற்கு விற்றவரே காரணமாகிவிடுவார். படிவங்களில் வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி, நேரம் எல்லாம் விற்பவரின் கண்முன்னே நிரப்பப்பட வேண்டும். சாவி கொடுப்பது அதற்குப் பிறகுதான். வாங்குபவர் புரோக்கராக இருந்து, வேறு யாருக்கோ எடுப்பதாகச் சொன்னால், அந்த வேறு யாரோ நேரில் வரட்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற டீலர் வழியாக ஃபார்ம் 29சி-யில் ஒப்படைப்பு நடக்கட்டும். அங்கே விலை கொஞ்சம் குறையலாம். அந்தக் குறைவை, பிற்காலத்தில் வரக்கூடிய இழப்பீட்டு வழக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் இரு பக்கமும் கவனிக்க வேண்டியது உண்டு. மூன்றாம் நபர் காப்பு தானாக மாறியதாகக் கருதப்பட்டாலும், வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பு அப்படி மாறுவதில்லை. உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. எனவே வாங்கியவர் 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வண்டி நொறுங்கினாலும் பணம் வராது. விற்பவர் பக்கம், கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை. அது அவருடைய சொத்து. 50 சதவீதம் வரை சேரும் அந்தச் சலுகையை, அடுத்து வாங்கும் காருக்குப் பயன்படுத்த நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்தக் கடிதம் கேட்கப் போகும் சாக்கில் விற்பனைச் செய்தியும் நிறுவனத்தின் கோப்பில் ஏறிவிடும். ஃபாஸ்டேக்கை விற்ற அன்றே மூடிவிட வேண்டும்.

ஏற்கெனவே விற்றுவிட்டு, பெயர் மாறவில்லை என்று இப்போது கண்டுபிடிப்பவருக்கும் செய்ய ஏதோ மிச்சமிருக்கிறது. வண்டி எண்ணைப் பரிவாஹன் தளத்திலோ எம்-பரிவாஹன் செயலியிலோ போட்டு, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, அபராதம் ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபார்ம் 29-ஐப் பூர்த்தி செய்து, விற்ற ரசீதின் நகல், வாங்கியவரின் அடையாள நகல், பணம் வந்த வங்கிப் பதிவு ஆகியவற்றுடன் பதிவு அதிகாரிக்கு ஒப்புகைச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதே நகலை வாங்கியவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். வாங்கியவரின் முகவரி தெரிந்திருந்தால் வழக்கறிஞர் நோட்டீஸும், தெரியாவிட்டால் காவல் நிலையத்தில் மனுவும் கொடுக்கலாம். இவை எதுவும் பெயரை மாற்றிவிடாது என்பதை மேலே பார்த்தோம். ஆனால் 199ஏ போன்ற பிரிவில் “எனக்குத் தெரியாமல் நடந்தது” என்று நிரூபிக்க வேண்டிய நாளிலும், கட்டிய இழப்பீட்டை வாங்கியவரிடமிருந்து மீட்க வேண்டிய நாளிலும், கையில் இருக்கப்போவது இந்தத் தாள்கள்தான். இந்தத் தபால் போகும் அதே அலுவலகங்களின் கணினியில், விற்றவரின் அறிவிப்பை ஏற்றுக்கொண்டு வாங்கியவருக்கு ஓ.டி.பி. அனுப்பும் ஒரு பக்கத்தைச் சேர்த்து, 50-ஆம் பிரிவில் அதற்கான ஒரு துணைப்பிரிவையும் எழுதிவிட்டால், தபாலுக்கே தேவை இருக்காது. டீலர்களுக்காக 2022-இல் விதி எழுதிய அதே சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதையும் எழுதலாம்.